அணுவின் எழுநிலை மாடம்

தமிழ் இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவன் ஒருவன் அணுவின் உள்ளமைப்பைப்பற்றி எழுதப் புகுதல் தகுமோ என அன்பர் சிலர் வினவலாம். இரசாயனச் சிறப்பு வகுப்பினர் நகைக்கவுங் கூடும். நகைப்போர் நகைக்க. யான் எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒரு சிறுமி கேட்ட கேள்வியும், அதற்கு யான் கூறிய பொருந்தா விடையுமே ஆகும். அவ்விடையை நினைக்குந்தோறும் இன்னும் எனக்கு நாணம் உண்டாகின்றது.

கடந்த கோடை விடுமுறையில் எங்கள் ஊரிற் பத்தாம் வகுப்பு மாணவர் சிலர்க்கு மாலைதோறும் பாடஞ் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு என்மேல் வந்தது. தமிழும் வரலாறும் எளிதிற் சென்றன. விஞ்ஞானப் பாடத்தின் முறை வந்தபோது, யான் பள்ளியிற் கற்றதனை நினைவிற் கொண்டுவந்து, கரும்பலகையின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அதனைச் சூழ மூன்று வட்டங்கள் வரைந்து, அவ்வட்டங்களின்மேற் சிறு பொட்டுகள் இட்டு, "இதுவே அணு, நடுவிலிருப்பது அணுக்கரு, சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல இதனை எலெக்ட்ரான்கள் சுற்றுகின்றன" என்று கூறினேன். பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "அண்ணே, பம்பரம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் ஓய்ந்து விழுந்துவிடுகிறதே, இந்த எலெக்ட்ரான் மட்டும் ஏன் ஓய்வதில்லை?" என்றாள். "அது அதன் இயல்பு" என்றேன். அவள் மறுமொழி கூறாது அமர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது அவள் என் விடையை ஏற்றுக்கொண்டிலள் என்பது நன்கு விளங்கிற்று.

விடுமுறை கழிந்து விடுதிக்கு மீண்டதும், இரசாயனம் பயிலும் என் அறைத்தோழரிடம் இதனைக் கூறினேன். அவர் சிறிது நேரம் சிரித்துவிட்டு, "அந்தப் பெண் கேட்டதையே 1911ஆம் ஆண்டில் உலகத்துப் பௌதிக அறிஞரெல்லாருங் கேட்டனர்" என்றார். அன்று தொடங்கி அவருடைய நூல்களை இரவல் வாங்கிப் படித்தேன்; அவரையும் உறங்கவிடாது வினவினேன். அவ்வாறு படித்ததன் பயனாக என் உள்ளத்தில் ஒரு கருத்து உறுதிப்பட்டது. அணுவைச் சூரிய மண்டலமாகக் காட்டும் படத்தை நம் பள்ளிகளினின்றும், 'சுற்றுப்பாதை' என்னுஞ் சொல்லை எலெக்ட்ரானைப்பற்றிய நம் தமிழினின்றும் அடியோடு நீக்கிவிடல் வேண்டும் என்பதே அது. இக்கருத்து எல்லார்க்கும் உடன்பாடாகாது என்பதை அறிவேன். ஆதலின் என் காரணங்களைச் சற்று விரித்துரைக்கின்றேன்.

எலெக்ட்ரானைத் தாம்ஸன் என்பார் 1897ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தார். அணு பிளக்கவொண்ணாதது என்னும் எண்ணம் அன்றோடு ஒழிந்தது. 1909ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் ரதர்போர்டு என்னும் பேராசிரியரின் கீழ் கைகர், மார்ஸ்டன் என்னும் இருவர், மெல்லிய பொற்றகட்டின்மேல் ஆல்பாத் துகள்களை மோதவிட்டுப் பார்த்தனர். அவருள் மார்ஸ்டன் அப்போது இருபது வயது நிரம்பிய மாணவர். துகள்களிற் பெரும்பாலன தகட்டை ஊடுருவிச் செல்ல, மிகச் சில மட்டும் சுவரில் எறிந்த பந்துபோலத் திரும்பிவந்தன. அணுவின் நிறை முழுதும் நடுவில் ஒரு சிறு கருவில் திரண்டிருத்தல் வேண்டும் என 1911ஆம் ஆண்டில் ரதர்போர்டு துணிந்தார். அக்கருவின் குறுக்களவு அணுவின் குறுக்களவிற் பதினாயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எஞ்சிய வெளியில் எலெக்ட்ரான்கள் உள்ளன. அவை எங்ஙனம் உள்ளன என்பதே வினா.

சுற்றுகின்றன எனின் ஓர் இடர்ப்பாடு உண்டு. மின்னூட்டம் உடைய பொருள் வளைந்து சுற்றுமாயின், அது ஒளியை உமிழ்ந்துகொண்டே ஆற்றலை இழத்தல் வேண்டும் என்பது மின்காந்த நூலார் நிலைநாட்டிய விதி. அவ்விதிப்படி கணக்கிட்டால், ஹைட்ரஜன் அணுவின் எலெக்ட்ரான் சுருண்டு சுருண்டு கருவில் வீழ்தற்கு ஆகுங் காலம், ஒரு நொடியைப் பதினாயிரங்கோடிக் கூறாக்கினால் அவற்றுள் ஒன்றிரண்டு கூறுகளே. அங்ஙனம் ஆயின் கல்லும் இல்லை, நீரும் இல்லை, இதனை எழுதும் யானும் இல்லை. பம்பரத்தைக் கண்டு அச்சிறுமி கேட்டதும் இதுவே அன்றோ? அவள் கணக்குப் போட்டிலள், அவ்வளவே வேறுபாடு.

1913ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டினராகிய போர் என்னும் இளைஞர் ஒரு துணிபு கூறினார். குறித்த சில வட்டங்களில் மட்டுமே எலெக்ட்ரான் சுற்றலாம்; அவற்றிற் சுற்றுங்கால் அது ஒளி உமிழாது; ஒரு வட்டத்தினின்று மற்றொன்றிற்குத் தாவுங்கால் மட்டுமே ஒளியை உமிழும் அல்லது கொள்ளும் என்றார். ஹைட்ரஜன் ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்தால் 656, 486, 434, 410 நானோமீட்டர் அலைநீளங்களில் நான்கு கோடுகள் கண்ணுக்குப் புலனாகும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரில் பள்ளியாசிரியராக இருந்த பால்மர் என்பார் 1885ஆம் ஆண்டிலேயே இக்கோடுகள் ஓர் எளிய வாய்பாட்டிற்கு அடங்குமாற்றைக் கண்டிருந்தார். ஏன் அடங்குகின்றன என்பது அவர்க்குந் தெரியாது. போரின் வட்டங்கள் அதனை ஐயந்திரிபறப் பெறுவித்தன. இது பெருஞ்செயல் என்பதில் தடையில்லை. ஆயினும் அவ்வட்டங்களிற் சுற்றும் எலெக்ட்ரான் ஏன் ஒளியுமிழ்வதில்லை என்று கேட்டால், 1913ஆம் ஆண்டின் போர் அவர்களும் ஏறத்தாழ யான் அச்சிறுமிக்குச் சொன்ன விடையையே சொல்லியிருத்தல் வேண்டும். அதனை எண்ணி யான் சிறிது ஆறுதல் அடைவதுண்டு.

அவ்வட்டங்கள் ஹைட்ரஜனுக்கு அடுத்த ஹீலியத்திற்கே பயன்பட்டில. இரண்டு எலெக்ட்ரான்கள் உடைய அவ்வணுவில் அவற்றாற் பெற்ற கணக்கு ஆய்வுடன் ஒத்துவரவில்லை. மூனிக்கு நகரத்துப் பேராசிரியர் சோமர்பெல்டு வட்டங்களோடு நீள்வட்டங்களையுஞ் சேர்த்து 1916ஆம் ஆண்டளவில் அக்கொள்கையை விரிவாக்கினார். 1919ஆம் ஆண்டில் அணுவின் அமைப்பையும் நிறமாலைக் கோடுகளையும்பற்றி அவர் வெளியிட்ட பெருநூல், அக்காலத்து மாணவர்க்கு வேதம்போல் விளங்கிற்று.

இந்நூல் தொடர்பாக நம் சென்னையில் நிகழ்ந்தது ஒன்று என் வழக்கிற்கு முதற் சான்றாகும். 1928ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் சோமர்பெல்டு இந்தியாவிற்கு வந்து சென்னையில் தங்கினார். அப்பொழுது மாநிலக் கல்லூரியிற் பௌதிகச் சிறப்பு வகுப்பில் சந்திரசேகர் என்னும் மாணவர் பயின்றுகொண்டிருந்தார், வயது பதினெட்டையொட்டியது. அவர் சோமர்பெல்டின் நூலைத் தாமாகவே படித்துத் தேர்ந்திருந்தார். அவ்வூக்கத்தோடு பேராசிரியரை அவர் தங்கிய விடுதியிற் கண்டு, 'உங்கள் நூலைக் கற்றுள்ளேன்' என்று தெரிவித்தார். சோமர்பெல்டு தந்த விடை யாது? தம் நூல் வெளிவந்தபின் பௌதிகம் முற்றும் மாறிவிட்டது என்றும், ஹைசன்பர்க்கும் ஷ்ரோடிங்கரும் பிறருங் கண்ட புதிய முறையைக் கற்க வேண்டும் என்றும் அவர் கூறினார். இன்னும் அச்சேறாத தம் கட்டுரை ஒன்றின் மெய்ப்பையும் அம்மாணவர் கையிற் கொடுத்தார். அடுத்த ஆண்டிலேயே, 1929இல், சந்திரசேகரின் கட்டுரை இலண்டன் ராயல் சங்கத்து வெளியீட்டில் வந்தது.

நீள்வட்டங்களை வரைந்தவரே, தாம் வரைந்தன காலங்கடந்தன என்பதை மறைக்காது ஒரு கல்லூரி மாணவர்க்குச் சென்னையில் வைத்துக் கூறிய ஆண்டு 1928. அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தது. யானோ, கோடை விடுமுறையிற் கரும்பலகையில் அவ்வட்டங்களை வரைந்துகொண்டிருந்தேன். எனக்குக் கற்பித்தவர்களுக்கும் அங்ஙனமே கற்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவர்களை யான் குறை கூறேன். படத்தின் எளிமையே நம்மை ஏமாற்றுகின்றது.

புதிய முறை கூறுவது யாது? எலெக்ட்ரான் அலைத்தன்மை உடையது. அணுவினுள் அஃது இன்ன நொடியில் இன்ன இடத்தில் உள்ளது எனக் கூறுதற்கில்லை. எவ்விடத்தில் எவ்வளவிற்கு அதனைக் காணக்கூடும் என்பதையே 1926ஆம் ஆண்டில் ஷ்ரோடிங்கர் கண்ட சமன்பாட்டினின்று பெறலாம். கருவைச் சூழ்ந்த மூடுபனிபோல அக்கூடுமை பரந்திருக்கும். சில இடத்துச் செறிந்தும் சில இடத்து ஐதாகியும் இருக்கும். இதற்கு வீணையை எடுத்துக்காட்டாகக் கூறுவர். இருமுனையுங் கட்டப்பட்ட நரம்பு எல்லா ஒலியையும் எழுப்புவதில்லை. தன் நீளத்திற்கு இயைந்த சிலவற்றையே எழுப்பும். அவற்றுட் கடைத்தாழ்ந்தது ஒன்று உண்டு. அதனினுந் தாழ்ந்ததோர் ஒலியை அந்நரம்பினின்று பெறவியலாது. அணுவில் அடங்கிய எலெக்ட்ரானுக்கும் குறித்த சில ஆற்றல்களே உள. அவற்றுட் கீழ்ப்பட்டது ஒன்று உண்டு. அதற்குங் கீழே இறங்குதற்கு வழியில்லை. ஆதலின் அது வீழ்வதில்லை.

இன்னும் ஒன்று. ஹைட்ரஜனின் அக்கடைநிலையில் எலெக்ட்ரானுக்குக் கோண உந்தம் சுழியம். போரின் வட்டத்தில் அது சுழியம் அன்று, ஓர் அலகு. இதன் பொருள் யாது? எல்லா அணுக்களினும் எளியதாகிய ஹைட்ரஜனில், அதன் இயல்பான நிலையில், எலெக்ட்ரான் கருவைச் சுற்றுகின்றது என்று சொல்வதற்கே இடமில்லை. சூரிய மண்டலப் படம் நுட்பங் குறைந்த உண்மை என்று சிலர் அமைதி கூறுவர். அஃது அத்தகையது அன்று. முதல் அணுவிலேயே பிழைபடுவது. அச்சிறுமிக்கு யான் கூறியிருக்க வேண்டிய விடை, 'எலெக்ட்ரான் ஓய்வதில்லை, ஏனெனில் அது பம்பரம்போலச் சுற்றவில்லை' என்பதே.

இனிச் சொல்லைப்பற்றி. இது தமிழ் மாணவன் உரிமையோடு பேசக்கூடிய பகுதி. எலெக்ட்ரானை எலெக்ட்ரான் என்றே வழங்குவாரும், எதிர்மின்னி என்பாரும், ஈழத்தார்போல் இலத்திரன் என்பாரும் உளர். எதனை வழங்கினும் இழுக்கில்லை, பெயர் பெயரே. ஆயின் அது இருக்கும் முறையைச் சுட்டுஞ் சொற்கள் அங்ஙனமல்ல. 'சுற்றுப்பாதை' என்றவுடன் வண்டிச்சக்கரத் தடம் கண்முன் வந்துவிடுகின்றது. 'கூடு' என்றால் பறவை அடங்கும் சிறைபோன்றது ஒன்று தோன்றுகின்றது. நம் பாடநூல்கள் புதிய கருத்தைக் குறிக்க 'ஆர்பிட்டால்' என்று எழுத்துப்பெயர்த்து வைத்துள்ளன. பழைய கருத்தோ 'ஆர்பிட்' ஆகும். இரண்டுக்கும் வேறுபாடு ஓர் ஈற்றெழுத்தளவே. தேர்வு அறையில் எத்துணை மாணவர் இவற்றை மயங்கி எழுதுவர் என்பதை என் அறைத்தோழர் அறிவார். அவரும் முதலாண்டில் மயங்கினாராம்.

நம் மொழியில் 'நிலை' என்றொரு சொல் உண்டு. நிற்றல், இருக்குந் தன்மை, உறுதி என்பன அதன் பொருள்கள். அவற்றோடு மாடத்தின் தளத்திற்கும் அதுவே பெயர். எழுநிலை மாடம் என்பது பழைய நூல்களில் வழங்குந் தொடர்; ஏழுநிலைக் கோபுரம் என்று இன்றும் நாட்டார் கூறுகின்றனர். அணுவில் எலெக்ட்ரான் உள்ள முறைக்கு இதனினும் பொருத்தமான சொல் யாண்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எலெக்ட்ரான் ஒரு நிலையில் உள்ளது என்றால் அஃது ஓடுகின்றது என்றாவது சுற்றுகின்றது என்றாவது பொருள்படாது. உள்ளது என்றே பொருள்படும். தளமும் அதுவே, தன்மையும் அதுவே, உறுதியும் அதுவே. மேலும் இன்றுவரை அறியப்பட்ட 118 தனிமங்களும் அடங்குதற்கு ஏழு நிலைகளே போதியன. தனிம அட்டவணையின் ஏழாங் கிடைவரிசையில் எஞ்சியிருந்த 113, 115, 117, 118 ஆகிய நான்கிற்கும் 2016ஆம் ஆண்டிற் பெயர் சூட்டப்பட்டது. அவற்றோடு அவ்வரிசை நிறைந்தது. எழுநிலை மாடம் என்பது தற்செயலாக வாய்த்த பொருத்தமே. எனினும் அதனை இழக்க எனக்கு மனமில்லை.

இம்மாடத்தின் முதல் நிலையில் ஓர் அறை. இரண்டாம் நிலையில் ஓர் அறையும், வேறு வகையான மூன்று அறைகளும். மூன்றாவதில் இவற்றோடு இன்னுமொரு வகையில் ஐந்து. நான்காவதில் அவற்றோடு மற்றொரு வகையில் ஏழு. ஓர் அறையில் இருவர்க்கு மேல் இருத்தல் இல்லை. ஆகவே நான்கு நிலைகளிலும் முறையே 2, 8, 18, 32 எலெக்ட்ரான்கள் கொள்ளும். ஏன் இருவரே? 1925ஆம் ஆண்டில் இருபத்துநான்கு வயதினராக இருந்த பௌலி என்பார், ஓரணுவில் எந்த இரண்டு எலெக்ட்ரான்களும் எல்லா வகையாலும் ஒத்த நிலையில் இருத்தல் இயலாது என்ற விதியைக் கண்டார். ஓரறையில் உள்ள இரண்டும் ஒரு தன்மையிலேனும் மாறுபட்டிருத்தல் வேண்டும். அத்தன்மைக்கு இரண்டு வகையே உண்டு. ஆதலின் மூன்றாவதற்கு இடமில்லை. இவ்வொரு விதி இல்லையாயின் எல்லா எலெக்ட்ரான்களும் முதல் நிலையிலேயே வந்து குவிந்துவிடும். தனிமங்களுக்குள் இன்று காணும் வேற்றுமையும் இராது, இரசாயனச் சிறப்பு வகுப்பும் இராது.

ஒத்த அறைகள் பல இருப்பின், ஒவ்வொன்றிலும் ஒவ்வொன்றாக முதலில் அமர்ந்து, வேறு வழியில்லாதபோதே இரண்டாவது வந்து சேரும். நம் விடுதியிற் கல்வியாண்டின் தொடக்கத்தில் வெற்றறை தேடித் திரிவோரை நினைத்தால் இது விளங்கும். நைட்ரஜன் அணுவில் மூன்று அறைகளிலும் மூன்று எலெக்ட்ரான்கள் தனித்தனியே உள்ளன. ஆக்ஸிஜன் அணுக்கள் இரண்டு இணைந்து மூலக்கூறு ஆனபின்னும் அதில் இரண்டு எலெக்ட்ரான்கள் இணைசேராது தனித்தே உள்ளன. அதனால்தான் குளிர்வித்துத் திரவமாக்கிய ஆக்ஸிஜன் காந்தத்தின் முனைகளுக்கிடையே ஒட்டிக்கொண்டு நிற்கின்றது. நாம் மூச்சுவிடும் வளியைக் காந்தம் பற்றும் என்பதை யான் படித்தபோது முதலில் நம்பவில்லை.

நிலைகள் கீழிருந்து மேலாக ஒழுங்காக நிரம்பிச் செல்லும் எனின் அதுவுமன்று. மூன்றாம் நிலையின் ஐந்து அறைகள் வெறுமையாக இருக்கவும், பத்தொன்பதாந் தனிமமாகிய பொட்டாசியத்தின் கடை எலெக்ட்ரான் நான்காம் நிலையின் முதலறையிற் புகுகின்றது. அந்த அறைக்குரிய மூடுபனி கருவின் அண்மைவரையும் எட்டுவதால் அதற்கு அங்கே ஆற்றல் தாழ்வு. மாடம் என்ற உவமை இவ்விடத்திற் சிறிது தளர்கின்றது: கற்கட்டடத்தின் மேல்தளம் கீழ்த்தளத்தில் எட்டிப் பார்ப்பதில்லை. இருபத்தொன்றாவதாகிய ஸ்காண்டியம் முதலாகவே அவ்வைந்து அறைகளும் நிரம்பத் தொடங்குகின்றன. இரும்பு, நிக்கல், செம்பு எல்லாம் அவ்வாறு வந்தனவே. குரோமியமும் செம்பும் பொதுமுறைக்கு மாறாக நான்காம் நிலையினின்று ஓர் எலெக்ட்ரானை மூன்றாம் நிலைக்கு ஈந்துவிடுகின்றன. இவற்றை மனப்பாடஞ் செய்வது தொல்லை என்று என் தோழர் சலித்துக்கொள்வார். இலக்கண நூற்களில் இயல்தோறும் புறனடை கண்டு பழகிய எனக்கு இதில் வியப்புமில்லை, சலிப்புமில்லை. சூத்திரத்திற்கு அடங்காதன சிலவும் மொழியில் உள என்பதனால் யாரும் நன்னூலைக் கிழித்தெறிவதில்லை.

118ஆந் தனிமத்தின் ஏழு நிலைகளிலும் கீழிருந்து மேலாக 2, 8, 18, 32, 32, 18, 8 என எலெக்ட்ரான்கள் இருத்தல் வேண்டும் எனக் கணக்கிட்டுள்ளனர். கோபுரம்போல் மேலே செல்லச் செல்லச் சிறுக்காமல், மத்தளம்போல நடுவிற் பருத்து இருபுறமுஞ் சிறுத்த வடிவம் அது. இதனை யான் தாளில் எழுதிப் பார்த்து மகிழ்ந்தேன். தேர்விற்கு இதனாற் பயனொன்றுமில்லை.

இவ்வமைப்பு நம் வாழ்வில் எங்கே தோன்றுகின்றது என்பார்க்கு இரண்டே கூறுவேன். உப்பிட்ட கஞ்சி பொங்கி அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் மஞ்சளாகின்றது. உப்பிலுள்ள சோடியத்தின் மூன்றாம் நிலையில் உள்ளது ஒரே எலெக்ட்ரான். சுடரின் வெப்பத்தால் அது அந்நிலையிலேயே வேறோர் அறைக்கு எழும்பி மீண்டு இறங்குங்கால் 589 நானோமீட்டர் அளவிலான மஞ்சள் ஒளியை உமிழ்கின்றது. மற்றொன்று பொன். வெள்ளியும் பொன்னும் அட்டவணையில் ஒரே நிரலில் உள்ளவை. வெளிநிலையில் இரண்டிற்கும் ஒவ்வோர் எலெக்ட்ரானே. ஆயின் வெள்ளி வெண்மை, பொன் மஞ்சள். பொன்னின் கருவில் 79 புரோட்டான்கள் இருத்தலால் உள்ளெலெக்ட்ரான்களின் விரைவு ஒளியின் விரைவிற் பாதியையுங் கடக்கின்றது. அங்கே ஐன்ஸ்டைனின் சார்புக்கொள்கை செயற்படுகின்றது. அதனால் நிலைகளின் இடைவெளி மாறி, பொன் நீல ஒளியை உட்கொண்டுவிடுகின்றது. எஞ்சியது நம் கண்ணுக்கு மஞ்சளாகின்றது. மணப்பந்தலிற் பொன்னின் நிறத்தைப் புகழ்வோர் இதனை அறிய வேண்டுவதில்லை. அறிந்தால் இன்னும் சிறிது நேரம் அதனைப் பார்த்துக்கொண்டு நிற்பர்.

என்னை மறுப்பார் கூறுவது ஒன்றுண்டு. 'சிறார்க்கு எளிய படம் வேண்டும். வட்டப் படம் எளியது. பின்னர்த் திருத்திக்கொள்ளலாம்' என்பர். இதனைக் கூறுவோர் அனுபவமுள்ள ஆசிரியர்கள். யானோ ஒரு கோடை மட்டும் பாடஞ் சொன்னவன். எனினும் கேட்கின்றேன்: பின்னர்த் திருத்தப்படுவோர் எத்தனை பேர்? பத்தாம் வகுப்போடு விஞ்ஞானத்தை விட்டு நீங்கிய என்போன்றார்க்கு அந்தப் 'பின்னர்' வந்ததேயில்லை. அறைத்தோழர் வாயாதிருந்தால் இறக்கும்வரை யான் வட்டங்களையே நம்பியிருப்பேன். வட்டங்களைவிட மாடம் கடினமானதும் அன்று. நிலையையும் அறையையும் அறியாத சிறுவர் யார்? மாடத்திலும் குறை உண்டு என்பதை மேலே ஒப்புக்கொண்டேன். ஆயினும் அது எலெக்ட்ரானை ஓடவிடுவதில்லை. 'ஏன் ஓய்வதில்லை' என்ற வீண் வினாவிற்கு இடந்தருவதுமில்லை.

தமிழ்ச் சங்கக் கூட்டங்களிற் பேசுவோர் சிலர், நம் பழம்புலவர் அணுவைப் பிளக்க அறிந்திருந்தனர் என்று முழங்குவதையும் இங்கே குறிக்காது விடவியலாது. பழைய பாக்களில் அணு என்பது மிகச் சிறியது என்ற பொருளில் வந்துள்ளது. அதனைத் துளைப்பதாகக் கூறியது உயர்வு நவிற்சி. கருவும் எலெக்ட்ரானும் அவர் கருதியனவல்ல. உவமையை ஆய்வாக்குதல் புலவரையுஞ் சிறுமைப்படுத்தும், ஆய்ந்தாரையுஞ் சிறுமைப்படுத்தும். கைதட்டல் மட்டும் மிகுதியாகக் கிடைக்கின்றது.

நம் நாட்டு மாணவர்க்கு இத்துறையில் உண்மையான பெருமை வேண்டுமெனில் முன்கூறிய சந்திரசேகரைச் சுட்டலாம். 1930ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியிற் பம்பாயினின்று கப்பலேறி இங்கிலாந்திற்குச் சென்றபோது அவர்க்கு வயது பத்தொன்பது, என் வயதுதான். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன்களை மேலும் நொறுங்காமல் தாங்கி நிற்பது, எலெக்ட்ரான்கள் ஒரே நிலையிற் குவியா என்னும் பௌலியின் விதியே என்பது அப்போது அறியப்பட்டிருந்தது. அத்தாங்குதலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர் கப்பலிலேயே கணக்கிட்டார். அவ்வெல்லை சூரியனின் நிறையில் ஏறக்குறைய 1.4 மடங்கு எனப் பின்னர்த் துணியப்பட்டது. 1983ஆம் ஆண்டில் அவர் நோபல் பரிசு பெற்றார். உப்புச்சுடரை மஞ்சளாக்கும் நிலைகளை வகுத்த விதியே விண்மீனையுந் தாங்குகின்றது. யான் கப்பலில் ஏறினால் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு எழுதியபின்னும் ஒரு சொல் என் கைக்குள் அகப்படவில்லை. ஓரறையில் உள்ள இரண்டு எலெக்ட்ரான்களும் மாறுபட வேண்டிய தன்மை ஒன்று கூறினேன் அன்றோ? 1925ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு இளைஞராகிய ஊலன்பெக்கும் கௌட்ஸ்மித்தும் அதனை எலெக்ட்ரானின் சுழற்சி என்று கருதினர். நம் நூல்களும் 'தற்சுழற்சி' என்கின்றன. எலெக்ட்ரான் ஓர் உருண்டையாகி மெய்யாகவே சுழலுமாயின் அதன் மேற்பரப்பு ஒளியினும் விரைந்து செல்ல வேண்டிவரும், அஃது இயலாது. ஆகவே சுற்றுதலை வாயில்வழி வெளியேற்றிய யான், சுழலுதலைப் பின்புறத்து வழியே உள்ளே விட்டவனாகின்றேன். என் தோழர் இதனைக் கண்டுபிடித்து இரண்டு நாளாக என்னை நகையாடுகின்றார். 'முகம்' என்றேன், எலெக்ட்ரானுக்கு முகமேது என்றார். 'பால்' என்றேன், இலக்கணத்தை இரசாயனத்திற் கலக்காதே என்றார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அம்மாணவர்களை மீண்டும் காணச் செல்கின்றேன். பின்வரிசைச் சிறுமி இதனையும் கேட்பாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நல்ல சொல் அறிந்தவர், அதற்கு முன்னதாக விடுதியின் கீழ்நிலையில் வடகோடி அறையிற் சொல்லியனுப்புவாராக.